மீட்கப்பட்ட பூனைக்குட்டியை வீட்டில் சேர்ப்பது: வேலூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்க்கெட் கழிவுகளுக்கு நடுவிலோ, மழைநீர்க் கால்வாயிலோ, நிறுத்தி வைத்த காரின் எஞ்சினுக்குள்ளோ கிடந்து மீட்கப்பட்ட பூனைக்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரச் சிறிது நேரம் போதும். அது அந்த வீட்டுப் பூனையாக ஆவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களை எப்படிக் கடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே குட்டி பிழைப்பதும், பிழைத்தபின் மனிதரை அண்டி வளர்வதும் பெரும்பாலும் அமைகின்றன. சத்துவாச்சாரி, காட்பாடி, கொசப்பேட்டை போன்ற இடங்களின் நெருக்கமான தெருக்களில், குட்டி வந்த அன்றே வீட்டிலுள்ள எல்லோரும் அதைக் கைமாற்றிக் கொஞ்சி, கிண்ணம் நிறையப் பசும்பால் ஊற்றி, தெருவழுக்குப் போகட்டும் என்று குளிப்பாட்டியும் விடுகிறார்கள். அன்பினால் செய்கிற இந்த மூன்றுமே முதல் நாளில் செய்யக் கூடாதவை. ஓர் அறையில் இரண்டு வாரம் அமைதியாக வைத்திருந்து, அதன் பிறகே வீட்டைத் திறந்துவிடுவது என்ற முறையை நான் வற்புறுத்துகிறேன். நோய், பயம், வெயில், குழந்தைகள், வீட்டிலுள்ள பிற பிராணிகள் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே ஏற்பாட்டினால் சமாளிக்க முடியும் என்பதே காரணம்.

வீட்டார் முதலில் பேசி முடிக்க வேண்டியவை

நன்றாகக் கவனிக்கப்படும் பூனை 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ உயிர் வாழும். இன்று எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் ஆசைக்காக வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளை வேலைக்குச் சென்று வேறு ஊரில் குடியேறிய பிறகும் இந்த வீட்டில்தான் இருக்கும். ஆகவே தினமும் சோறு வைப்பவர் யார், பூனை மலமும் சிறுநீரும் கழிக்கும் மணல்தட்டைச் சுத்தம் செய்பவர் யார், மருத்துவரிடம் எடுத்துச் செல்பவர் யார் என்பதைப் பெரியவர்கள் பெயர் குறித்து ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை உதவலாம்; பொறுப்பு பெரியவருடையதாகவே இருக்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை முன்பே வாங்கிவிடுவது நல்லது. இடையில் வீட்டைக் காலி செய்ய நேரும்போது கைவிடப்படும் பூனைகள் எல்லா ஊரிலும் உண்டு.

பூனை குறுக்கே போனால் ஆகாது என்று நம்புகிற பாட்டி வீட்டில் இருந்தால், அவரை மீறி மறைவாகக் குட்டியைக் கொண்டுவருவது யாருக்கும் நன்மை செய்யாது. "ஆயா, அது ஒரு பக்கமா ரூமிலேயே இருக்கட்டும், நீங்க பூஜை பண்ற இடத்துக்கு வராம நான் பாத்துக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடந்துகொண்டால் போதும். பல வீடுகளில் எதிர்த்த முதியவர்களே பிறகு தட்டில் மீன் ஒதுக்கி வைப்பவர்களாக மாறியிருக்கிறார்கள்.

சைவக் குடும்பங்கள் ஒன்றை வெளிப்படையாகத் தீர்மானிக்க வேண்டும். பூனை மாமிசம் உண்டே வாழக்கூடிய விலங்கு. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவில் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அது விலங்குப் புரதத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். நெடுநாள் கிடைக்காமல் போனால் பார்வை பறிபோகும், இதயத் தசை பலவீனப்படும். தயிர்சாதத்திலும் பருப்புசாதத்திலும் பூனையை வளர்க்க முடியாது. அடுப்படியில் மாமிசம் சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் விற்கும் முழுமையான பூனை உணவை வாங்கி வைக்கலாம். அதற்கும் ஒப்பாதவர்கள் குட்டியை வேறொரு வீட்டுக்கு விட்டுக்கொடுப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்று சொல்வது மிகை. பூனையின் மலத்தில் வெளியேறும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால், மணல்தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால், அந்தப் பெண் தோட்டமண்ணைத் தொட்டபின் கை கழுவி, நன்றாக வெந்த இறைச்சியை மட்டும் உண்டுவந்தால், ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். பேறுகால மருத்துவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், அவர் சில முறை அந்தக் குட்டியுடன் நேரம் செலவிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்வது முறை.

குட்டியைப் பெறும்போது

மீட்டவரிடம் கேட்க வேண்டியவை பல இருந்தாலும் முதன்மையானது வயது. எட்டு வாரம் நிறைந்த குட்டியையே குடும்பங்கள் ஏற்பது நல்லது. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடிக்கும் வேகத்தை அடக்கக் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். எட்டு வாரக் குட்டி ஏறக்குறைய 700 முதல் 900 கிராம் எடை இருக்கும், பால்பற்கள் எல்லாம் முளைத்திருக்கும், தானாகக் கிண்ணத்தில் உண்ணும். கண் திறக்காத, அல்லது தள்ளாடி நடக்கும் குட்டியாக இருந்தால் அது நான்கு வாரத்துக்கும் உட்பட்டது; அதற்கு இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துப் புகட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிச் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தாயைப் பிரிந்து எவ்வளவு நாளாயிற்று, இதுவரை என்ன உண்டது, வயிற்றுப்போக்கு இருந்ததா, குடற்புழு மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, கூட இருந்த குட்டிகளில் ஏதாவது இறந்ததா ஆகியவற்றையும் கேட்டுத் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட இருந்தது இறந்திருந்தால் அது மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய செய்தி. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு இருந்து, செலவுக்கு இடமிருந்தால், இரண்டையும் சேர்த்து எடுங்கள். அவை ஒன்றோடொன்று விளையாடிக்கொள்வதால் நம் கையும் காலும் கடிபடுவது குறையும்; பகலில் எல்லோரும் வேலைக்குப் போகும் வீட்டில் தனிமையும் இராது.

வீட்டுக்குக் கொண்டுவருவதற்குக் கட்டைப்பை உதவாது. இருசக்கர வண்டியின் கைப்பிடியில் தொங்கும் பையிலிருந்து மிரண்ட குட்டி வெளியே பாய்ந்தால் ஆற்காடு சாலைப் போக்குவரத்தில் அதை மீட்கவே முடியாது. மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டி, பின்னால் அமர்ந்தவர் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். கொண்டுவரும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தீபாவளியை ஒட்டியும், குடியாத்தம் பக்கத்தவர்கள் வைகாசி முதல் நாளில் வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டியும் புதுக்குட்டியை அழைத்து வர வேண்டாம். வெடிச்சத்தமும், விருந்தினருக்காக நாள் முழுவதும் திறந்து கிடக்கும் வாசலும் சேர்ந்தால் குட்டி ஓடிப்போவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஓர் அறையை ஆயத்தப்படுத்துதல்

வேலூர் வெயிலை முதலில் நினைவில் கொள்ளுங்கள். கத்தரி வெயில் காலத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற ஊரில், மொட்டை மாடி அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையும் குட்டிக்கு உகந்தவை அல்ல. கீழ்த்தளத்தில், மேற்குச் சுவர் வெயில் படாத, மின்விசிறியுள்ள சிறிய அறை போதும். ஒரு மண்சட்டியில் தண்ணீர், அதிலிருந்து சற்றுத் தள்ளி உணவு, எதிர் மூலையில் மணல்தட்டு, ஒரு பக்கம் வாசல் வெட்டிக் கவிழ்த்த மளிகைக்கடை அட்டைப்பெட்டி, அதனுள் பழைய பருத்திப் புடவைத் துணி. மார்கழி, தை மாத இரவுகளில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். கோடையில் குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகினாலோ, அது வெப்பத் தாக்குதல். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பையும் பாதங்களையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு ஓட வேண்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தரையில் முழங்கால் போட்டு, குட்டியின் உயரத்திலிருந்து அந்த அறையை ஒருமுறை பாருங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ரப்பர் பேண்ட், தையல் நூல், எலி மருந்து, கொசுவர்த்திச் சாம்பல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நம் வீடுகளில் மிகவும் அஞ்ச வேண்டியது வாடிய பூச்சரம். மல்லிகையைத் தொடுத்த நூலைக் குட்டி விளையாட்டாக இழுத்து மெல்லத் தொடங்கினால், அதன் நாக்கிலுள்ள பின்னோக்கி வளைந்த முட்கள் நூலை வெளியே துப்ப விடாது. உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குடலில் அது சுருக்குப் போட்டாற்போல் இறுகும்போது அறுவை சிகிச்சை ஒன்றே வழி. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது; அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தலையிலிருந்து கழற்றிய பூவை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுவதை வீட்டுப் பெண்கள் அனைவரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தரை துடைக்கும் பினாயில் பூனைக்கு நஞ்சு. ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அது உள்ளே போகிறது. சோப்புத் தண்ணீரால் துடைப்பது போதும். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை, பூஜைக் கற்பூரம், வாசலில் வளரும் அரளி, வேலியில் படரும் செங்காந்தள், தொட்டியில் வைக்கும் லில்லி ஆகியவையும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. குட்டிக்குக் காய்ச்சல் என்று அரை மாத்திரை கரைத்துக் கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் நாளும் உணவும்

கூடையை அறையில் வைத்துத் திறந்துவிட்டு விலகுங்கள். குட்டி தானாக வெளியே வரட்டும். பெட்டிக்குள் ஒளிந்தால் ஒளியட்டும். வீட்டில் ஒருவர் மட்டும் உள்ளே போய், சுவரோரம் தரையில் அமர்ந்து, குட்டியை உற்றுப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருக்கலாம். அருகில் வந்து முகர்ந்தால் ஒரு விரலை நீட்டுங்கள். அது கன்னத்தை விரலில் உரசினால் தாடைக்கடியில் தடவிக் கொடுங்கள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவந்தால் பருந்து இறங்குவதாகவே அதற்குப் படும்.

கொண்டுவந்த முதல் சில நாட்கள், மீட்டவர் கொடுத்துவந்த அதே உணவைக் கொடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். பசும்பாலும் பாக்கெட் பாலும் வேண்டாம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் கழியும். சின்னஞ்சிறு உடலில் ஒரே நாள் கழிச்சல்கூட நீர்ச்சத்தை வற்றச் செய்துவிடும். ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை சிறிது சிறிதாக வைப்பதே முறை. குட்டிகளுக்கென்று விற்கும் உணவு அடிப்படையாக இருக்கட்டும். அதனுடன் உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்த கோழி, முள் நீக்கிய வெந்த மீன், அவித்த முட்டை ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலிருந்து ஒரு துண்டு என்பது வட ஆற்காட்டு வீடுகளில் தவிர்க்க முடியாத ஆசைதான். ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன, வெந்த எலும்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். கருவாட்டில் உப்பு மிகுதி. பிரியாணிக்கு வாங்கும் கறியில் ஒரு பிடியை மசாலா சேர்க்கும் முன்பே தனியாக வேகவைத்து எடுத்து வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

மணல்தட்டுக்கு விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டும், சலித்த மணல் இரண்டு அங்குல ஆழமும் போதும். கட்டியாக இறுகும் பூனைமணலை மிகச் சிறிய குட்டிகள் தின்றுவிடக்கூடும் என்பதால் சில வாரம் பொறுத்து வாங்கலாம். உண்டு முடித்ததும், தூங்கி எழுந்ததும் குட்டியைத் தட்டில் இறக்கி விடுங்கள். தோண்டும் பழக்கம் பிறவியிலேயே இருக்கிறது. வேறிடத்தில் போய்விட்டால் அடிப்பதும், அதில் மூக்கைத் தேய்ப்பதும் பயத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கும்.

மருத்துவரும் தடுப்பூசிகளும்

முதல் இரண்டு நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போவதானால் வெயில் ஏறும் முன் காலையிலேயே புறப்படுங்கள். இன்று சிறு பிராணிகளைப் பார்ப்பவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். குட்டியின் மலம் சிறிதளவு ஒரு டப்பாவில் எடுத்துச் சென்றால் குடற்புழுச் சோதனைக்கு உதவும்.

பேன்லுகோபீனியா என்ற வைரஸ் நோய்தான் குட்டிகளின் எமன். வாந்தி, கழிச்சல், சோர்வு என்று தொடங்கி ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட அழியாமல் கிடக்கும். முன்பு உங்கள் வீட்டில் ஒரு குட்டி அப்படி இறந்திருந்தால், அது பயன்படுத்திய கிண்ணமும் தட்டும் படுக்கையும் மீண்டும் வேண்டாம். ஒரு பங்கு பிளீச் திரவத்தை 32 பங்கு நீரில் கலந்து தரையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வாடை போனபின்பே புதுக்குட்டியை விடுங்கள். இதற்கும் சுவாச வைரஸ்களுக்குமான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை போடப்படும். ஓர் ஊசியோடு நிறுத்துவது போதாது. ரேபிஸ் ஊசி சுமார் 12 வாரத்தில், ஓராண்டில் மறுபடியும்.

தெள்ளுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் பூசாதீர்கள். நாய்க்கு விற்கும் மருந்தும் கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். நம் வீட்டுப் பேன்சீப்பு நல்ல கருவி: கழுத்தைச் சுற்றியும் வாலின் அடியிலும் மெல்ல வாரி, சீப்பில் சிக்கும் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். காதோரத்திலோ முகத்திலோ வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கு ஒட்டும். இரண்டு வாரத் தனியறையின் பயன் இங்கே தெளிவாகத் தெரியும். வீடு முழுவதும் பரவும் முன் ஓர் அறையிலேயே நோய் அடங்கிவிடும்.

உண்ண மறுப்பதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டு வாரக் குட்டி 12 மணி நேரம் எதையும் தொடாவிட்டால் அன்றே காட்ட வேண்டும். தோள்களுக்கு நடுவே தோலை இரு விரலால் தூக்கி விடுங்கள். உடனே இறங்காமல் கூடாரம்போல் நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது.

குட்டி யாரையாவது கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். குட்டிதானே என்றும், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றும் காத்திருக்கவும் வேண்டாம். தெருவில் பிறந்த குட்டி எதனிடம் கடிபட்டது என்பது யாருக்கும் தெரியாது. ரேபிஸ் நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றும் மருந்து இல்லை. கடிக்கான தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது. அட்டவணைப்படி எல்லா ஊசிகளையும் முடிப்பது கட்டாயம்.

வீட்டைத் திறந்துவிடுதல்

இரண்டு வாரம் கழிந்து, குட்டி நன்றாக உண்டு, வாலை நிமிர்த்திக்கொண்டு கதவருகே வந்து காத்திருக்கத் தொடங்கினால், ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடலாம். அந்த அறை தொடர்ந்து அதன் புகலிடமாக இருக்கட்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்த நிலையில்தான் குட்டியைத் தொட வேண்டும், நின்றபடி தூக்கக் கூடாது, தூங்கும்போதும் உண்ணும்போதும் அணுகக் கூடாது என்ற சட்டத்தை முதலிலேயே வகுத்துவிடுங்கள். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினால், வளர்ந்தபின் அதே விரலைத்தான் அது பல்லால் பிடிக்கும். ஒரு குச்சியின் நுனியில் துணியைக் கட்டி ஆட்டி, விளையாடி முடிந்ததும் அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பூனையோ நாயோ இருந்தால் இன்னும் பொறுமை தேவை. குட்டி படுத்த துணியை மூத்த பிராணி படுக்கும் இடத்திலும், அதன் துணியைக் குட்டியிடமும் சில நாள் மாற்றி வைத்து, மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். சீறல் அடங்கியபின் கம்பிக்கதவு வழியாகப் பார்க்க விடலாம். கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்துவிடாமல் கீழ்ப்பகுதியில் கொசுவலை அடித்திருக்க வேண்டும். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டே பல நாள் பழக்குங்கள். இரண்டையும் தனியே விட்டுவிட்டு வெளியே செல்லும் துணிவு வருவதற்குச் சில மாதங்கள் ஆனாலும் ஆகட்டும்.

சம்ப் மூடி, கிணற்று வலை, மாடிக் கைப்பிடிச்சுவர், வாஷிங் மெஷின் கதவு ஆகியவற்றை வீட்டைத் திறக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். வெளியே விடலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் கருத்து. தெருநாய்களும் வாகனங்களும் நோயுற்ற பூனைகளும் சுற்றுகிற தெருக்களில் வளர்ப்புப் பூனையின் ஆயுள் சுருங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு வலுவான வலை அடித்து, அதன் அருகே உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டால், காக்கையையும் அணிலையும் பார்த்துக்கொண்டே அது பகலைக் கழித்துவிடும்.

கருத்தடை அறுவை சிகிச்சையை ஐந்தாம் மாதத்துக்குள் செய்துவிடத் திட்டமிடுங்கள். பெண்குட்டி நான்காம் மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும்; சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள்தான். ஒரு முறை ஈனட்டும் என்று தள்ளிப்போடுவதில் அதன் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பால்சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஆண்குட்டிக்குச் செய்தால் சுவரெங்கும் சிறுநீர் பீய்ச்சுவதும், இரவெல்லாம் சண்டைக்கு அலைவதும் குறையும். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் உணவை நிறுத்துவது என்பதைக் குட்டியின் வயதைச் சொல்லி மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளைப் பெரிய பூனைகளைப் போல நெடுநேரம் பட்டினி போடக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் முதலில் இருந்த அதே அறையில் அதை வைத்து, தையலை நக்காமல் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை போட்டு, 10 முதல் 14 நாள் வரை தாவிக் குதிக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்.